குழந்தையின் பெயர் அட்டையில் இருக்கிறதா? – மருத்துவக் காப்பீடு: வாசகர் கேள்விகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கும், எங்கே சிக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். ஊர்ப் பெயர் மட்டும் போட்டு, எழுதியவர் பெயரை விட்டுவிட்டோம்.

திண்டிவனம்: எங்களுக்கு 2016-ல் எடுத்த காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் நானும் கணவரும் மட்டும்தான். இரண்டு வயது மகனுக்கு இதயத்தில் ஓட்டை என்கிறார்கள். மருத்துவமனையில் "பையன் பேரு கார்டுல இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். பழைய அட்டையே செல்லும். அதில் மகனைச் சேர்த்தால் போதும்.

இந்தத் திட்டத்தில் குடும்பம் என்பதற்கு அடிப்படை உங்கள் ரேஷன் கார்டு. கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் குடும்பம். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் வரை, திருமணமாகும் வரை அல்லது 25 வயது வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை இடம் உண்டு. இவர்களில் ஒருவர் பெயர் ரேஷன் கார்டில் இருந்தால் அவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் வேலை காப்பீட்டு மையத்தில் தொடங்கவில்லை, ரேஷன் கார்டில் தொடங்குகிறது.

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பல வீடுகளில் அது பெயர் இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் என்றால் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. பெயரோடு கூடிய சான்றிதழ் கிடைத்ததும் குழந்தைக்கு ஆதார் எடுங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் கைரேகை, கருவிழி எதுவும் எடுக்க மாட்டார்கள். பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு இணைத்துத் தருவார்கள். பிறகு ரேஷன் கார்டில் உறுப்பினர் சேர்க்க விண்ணப்பியுங்கள். பொது விநியோகத் துறை இணையதளத்தில் நீங்களே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். கார்டில் பெயர் ஏறியதும் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் பழைய அட்டை, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு போங்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். புகைப்படம் வேண்டும் என்று சொன்னால் இரண்டாவது நடை மிச்சம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

இந்த வரிசையில் அதிகம் சிக்குவது எழுத்து வேறுபாடு. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் முன்னெழுத்து இல்லாமல் வேறு மாதிரி என்று இருந்தால் மருத்துவமனையிலிருந்து அனுப்பும் விண்ணப்பம் "சந்தேகம்" என்று திரும்பி வரும். மூன்றையும் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு இதைத் திருத்த ஓடுவது பெரும் வேதனை.

பழைய அட்டை தொலைந்திருந்தாலும் கலங்க வேண்டாம். ரேஷன் கார்டு எண்ணைக் கொடுத்தால் உங்கள் காப்பீட்டு எண்ணைத் தேடி எடுக்க முடியும்.

இன்னொரு வழியையும் இன்றே தொடங்குங்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தில் (மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வருமே, அதுதான்) பிறவி இதயக் குறைபாடு அடங்கும். 18 வயது வரை இந்தத் திட்டம் உண்டு. உங்கள் அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, மாவட்டத்தின் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அங்கே எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) பார்த்து, எந்த மருத்துவமனையில் சிகிச்சை என்று முடிவு செய்து அனுப்புவார்கள். காப்பீட்டில் பெயர் சேரும் வேலை ஒரு பக்கம் நடக்க, மருத்துவ வேலை இந்தப் பக்கம் நகரும். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எந்த அட்டைக்கும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்காது.

சேலம்: காப்பீட்டில் செய்து தருகிறோம் என்ற தனியார் மருத்துவமனை, "இப்போது நாற்பதாயிரம் கட்டுங்கள், அப்ரூவல் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். இந்தத் திட்டம் பணமில்லாச் சிகிச்சைக்கானது. தனியார் பாலிசி போல, நாம் செலவழித்துவிட்டுப் பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கும் வழி இதில் இல்லை. அரசின் பணம் மருத்துவமனைக்குத்தான் போகும். நீங்கள் கையிலிருந்து கொடுத்ததை மருத்துவமனை திருப்பித் தந்தால்தான் உண்டு. எங்களுக்கு வரும் மனக்குறைக் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் தொடங்கியவைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருப்பது வேறு, உங்கள் குழந்தையின் நோய்க்கு இருப்பது வேறு. எலும்பு முறிவுக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குக் குழந்தைகள் இதய அறுவைக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசும்போது "அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டில் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காமல், "குழந்தைகளுக்கான இந்தச் சிகிச்சைக்கு இருக்கிறதா" என்று கேளுங்கள்.

அட்மிஷனுக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியவர் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவின் தொடர்பு அலுவலர். மருத்துவர் எழுதிய குறிப்பு, பரிசோதனை முடிவுகள், அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றை அவர் பதிவேற்றி முன் அனுமதி கேட்பார். மறுபுறம் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் மருத்துவர்கள் படித்துப் பார்த்து அனுமதிப்பார்கள், அல்லது கேள்வி கேட்டுத் திருப்புவார்கள். "இன்னும் வரவில்லை" என்று சொல்வதில் பல நேரம் ஒளிந்திருப்பது இந்தக் கேள்விதான். எக்கோ படம் தெளிவில்லை, ரத்தப் பரிசோதனை இணைக்கவில்லை, எழுதிய நோய்க்கும் கேட்ட சிகிச்சைக்கும் பொருத்தமில்லை என்று ஏதாவது இருக்கும். ஆகவே தினமும் "வந்துவிட்டதா" என்று கேட்பதைவிட, "அவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்களா, என்ன கேள்வி, நாம் என்ன தர வேண்டும்" என்று கேளுங்கள். விண்ணப்ப எண்ணையும் எழுதி வாங்குங்கள். அந்த எண் கையில் இருந்தால் கட்டணமில்லாத் தொலைபேசியிலேயே நிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

அனுமதி ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு மட்டும் வருகிறது என்பதும் முக்கியம். இதய ஓட்டையைக் குழாய் வழியாகக் கருவி வைத்து அடைக்க அனுமதி வாங்கியிருப்பார்கள். உள்ளே போன பிறகு ஓட்டை பெரிது, நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்யலாம். அது தனித் தொகுப்பு (ஒரு சிகிச்சைக்கென மொத்தமாக வகுத்த தொகை), புது அனுமதி தேவை. இதைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், கேட்க வேண்டியது உங்களிடம் இல்லை, காப்பீட்டிடம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

தொகுப்புத் தொகையில் அறுவை, மருத்துவர் கட்டணம், மருந்து, உள்ளே வைக்கும் கருவி, படுக்கை எல்லாம் அடக்கம். தனி அறை கேட்டு எடுத்தால் அந்தப் பேச்சே வேறு. பொது வார்டிலேயே இருங்கள்.

பணம் கேட்டே தீருவோம் என்றால், எதற்காகக் கேட்கிறார்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் 1800 425 3993-ல் புகார் பதிந்து, புகார் எண் வாங்கிக்கொண்டு, மாவட்டத் திட்ட அலுவலரைப் பாருங்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீது இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை. ரசீது தராமல் பணம் வாங்கும் இடத்தில் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

திருப்பூர்: கணவர் பனியன் கம்பெனியில் மாதம் 16,000 வாங்குகிறார். வருமானச் சான்று அதிகமாக வந்ததால் காப்பீட்டு அட்டை கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு வேறு வழியே இல்லையா?

முதல்வர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். முன்பு 72,000 ஆக இருந்தது; 2022-ல் உயர்த்தினார்கள். மாதத்துக்குப் பத்தாயிரம்தான் கணக்கு. ஒரு தையல் தொழிலாளியின் சம்பளமே அதைத் தாண்டிவிடுகிறது. இந்த வரம்பு மிகக் குறைவு என்பதே எங்கள் கருத்து.

ஆனால் உங்கள் கணவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? 16,000-க்கு 120 ரூபாய். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். பிடித்தம் இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் சிகிச்சை உரிமை இருக்கிறது. முதல்வர் காப்பீட்டில் உள்ளதுபோல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்ற வரம்பு அதற்குக் கிடையாது, சாதாரணச் சளி காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகவும் போகலாம். அந்த வகையில் இது முதல்வர் காப்பீட்டைவிட அகலமானது.

பிள்ளைகள் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேலையில் சேரும்போது கல்யாணமாகாதவராக இருந்து, பிறகு மனைவி, பிள்ளைகளைச் சேர்க்காமலேயே விட்டவர்கள் ஏராளம். கம்பெனி அலுவலகத்தில் குடும்ப விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லி, குடும்பப் புகைப்படத்தோடு அட்டையைப் புதிதாக அச்செடுத்து வாங்குங்கள். மகன் 18 வயது வரை, படித்துக்கொண்டிருந்தால் 21 வரை. திருமணமாகாத மகளுக்கு அந்த வரம்பு இல்லை. உடல் அல்லது மனக் குறைபாடு காரணமாகப் பெற்றோரையே முழுதும் சார்ந்திருக்கும் பிள்ளைக்கும், குறைபாடு நீடிக்கும்வரை உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கை. இஎஸ்ஐ-யில் முதலில் உங்களுக்கு ஒதுக்கிய மருந்தகம், அங்கிருந்து பரிந்துரையோடு இஎஸ்ஐ மருத்துவமனை, அங்கே வசதி இல்லையென்றால் அவர்களே அனுப்பும் தனியார் மருத்துவமனை என்பதுதான் வழி. அவசரம் இல்லாதபோது இந்தப் படிகளைத் தாண்டி நேரே தனியாருக்குப் போனால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

மதுரை: மகளுக்கு நாலேகால் வயது. பிறவியிலேயே காது கேட்காது. காக்ளியர் கருவி (உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கருவி) வைப்பதற்குக் காப்பீட்டில் வயது வரம்பு உண்டா?

உண்டு. ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும். நாட்களைக் கணக்கிட்டுப் பாருங்கள்: பரிசோதனைகள், வெளியே மாட்டும் சாதாரணக் கேட்புக் கருவி வைத்துப் பழகிப் பார்க்கும் காலம், அனுமதி, அறுவைத் தேதி என்று மாதங்கள் ஓடிவிடும். தவிர, ஆறு என்பது திட்டத்தின் எல்லைதான். பேச்சைக் கற்கும் மூளையின் திறன் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். நாலேகால் வயதுக்கு ஒவ்வொரு மாதமும் விலைமதிப்பானது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். பெரா என்ற நரம்புப் பரிசோதனை, சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன், குழந்தைகள் மருத்துவர் சான்று, உளவியல் மதிப்பீடு ஆகியவை கேட்பார்கள். ஸ்கேன் எதற்கென்றால், உள்காதில் நத்தை எலும்பும் கேள்வி நரம்பும் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்க்க. நரம்பே இல்லாவிட்டால் இந்தக் கருவி பயன்படாது. அறுவைக்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கருவி வைத்த குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். விலையுயர்ந்த சிகிச்சை என்பதால் இதற்குச் சாதாரண முன் அனுமதி போதாது. நிபுணர் குழு பார்த்து, தனி நிதியிலிருந்து ஒதுக்கும்.

அறுவை முடிந்ததும் குழந்தைக்குக் கேட்டுவிடாது. சில வாரம் கழித்து வெளிக் கருவியை இயக்கி, ஒலி அளவைப் படிப்படியாக அமைப்பார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி. ஓராண்டுப் பயிற்சி திட்டத்திலேயே அடக்கம். இதில்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. கூலி வேலைக்குப் போகும் தாயால் வாரந்தோறும் நகரத்துக்கு வர முடிவதில்லை; ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறது; குழந்தைக்கு ஒலி கேட்கும், ஆனால் சொல் புரியாது. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே பயிற்சி மையம் எங்கே, யார் அழைத்துச் செல்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் ஊருக்கு அருகில் மையம் கேட்டுப் பெறுங்கள்.

கருவியின் பெட்டி, வரிசை எண், உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். வயர், காந்தச் சுருள், பேட்டரி ஆகியவை தேயும். உத்தரவாதம் முடிந்தபின் இவற்றுக்கு ஆகும் செலவு சிறிதல்ல. தண்ணீரும் வியர்வையும் முதல் எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் வைப்பதைத் தவறவிடாதீர்கள்.

கோவை: ஆட்டிசம் உள்ள மகனுக்கு வாரம் மூன்று நாள் தெரபி. காப்பீட்டு அட்டையைக் காட்டினால் செல்லாது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. முதல்வர் காப்பீடு மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்கும், பட்டியலில் உள்ள சில பரிசோதனைகளுக்கும்தான். வெளிநோயாளிச் செலவு அதில் வராது.

உங்களுக்கு வேண்டியது நிராமயா. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் காப்பீடு இது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். தெரபி, வெளிநோயாளிச் செலவு, மருந்து எல்லாவற்றுக்கும் அதற்குள் தனித்தனி உள்வரம்பு உண்டு. மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்க மாட்டார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. புதுப்பிக்க முறையே 50, 250.

இது முதல்வர் காப்பீட்டுக்கு நேர் எதிர்: நீங்கள் செலவழித்துவிட்டுப் பில் கொடுத்துத்தான் பணம் வாங்க வேண்டும். ஆகவே தெரபி மையத்தில் வெள்ளைத் தாளில் எழுதித் தரும் துண்டுச் சீட்டு பயன்படாது. பதிவு எண் அச்சிட்ட ரசீது, தேதி, எத்தனை அமர்வு, தெரபிஸ்ட் கையெழுத்து, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு எல்லாம் வேண்டும். மொத்தமாகச் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது அனுப்பிவிடுங்கள், கெடு தாண்டினால் நிராகரிப்பார்கள். காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. தாமதமாகச் சேர்ந்தாலும் மார்ச் 31-ல் முடிந்துவிடும் என்பதால் ஏப்ரலிலேயே புதுப்பியுங்கள்.

திருநெல்வேலி: எட்டு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். காப்பீட்டில் கீமோ நடக்கிறது. 5 லட்சம் தீர்ந்துவிட்டால்?

5 லட்சம் என்பது ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கு. மகளுக்கு மட்டுமானதல்ல, பாட்டிக்கு மூட்டு மாற்றினாலும் இதிலிருந்துதான் போகும். காப்பீட்டு ஆண்டு ஜனவரி 11-ல் தொடங்குகிறது, அன்று தொகை மீண்டும் முழுதாகிவிடும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு. முதல் சில மாதங்கள்தான் செலவு கனமானது; பிறகு வரும் பராமரிப்புக் கட்டம் பெரும்பாலும் மாத்திரைகள்தான். ஆகவே இப்போதே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் மீதித் தொகை எவ்வளவு என்று கேட்டு, வீட்டில் தள்ளிப்போடக்கூடிய மற்ற சிகிச்சைகளை ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும் தனி அனுமதி. முந்தைய சுற்றின் டிஸ்சார்ஜ் சம்மரி பதிவேறாவிட்டால் அடுத்தது நிற்கும். கிளம்பும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். சுற்றுகளுக்கு இடையே வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்தால் அது தனி அட்மிஷன், தனி அனுமதி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உள்ளூரில் மாத்திரை வாங்கிப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தொகை தீர்ந்தாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை நிற்காது. எலும்பு மஜ்ஜை மாற்றம் தேவைப்பட்டால் அதற்கும் காக்ளியர் போலத் தனி நிதி இருக்கிறது. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுதும் தள்ளுபடி, உடன் வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

மண்டபம்: மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு உண்டா?

உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இந்தத் திட்டம் பொருந்தும். வருமானச் சான்று கேட்டு அலைக்கழித்தால் மாவட்டத் திட்ட அலுவலரிடம் சொல்லுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் தொழிலாளர் குடும்பங்களும் தொழிலாளர் துறைச் சான்றோடு சேரலாம். உங்கள் பக்கத்தில் செங்கல் சூளையிலோ கட்டடத்திலோ அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர்களில் பலருக்கு இது தெரியாது.

விழுப்புரம்: நெடுஞ்சாலையில் விபத்தில் அடிபட்ட குழந்தைக்கு அட்டை இல்லாவிட்டால்?

அட்டையே தேவையில்லை. இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 என்ற திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 108-ஐக் கூப்பிட்டால் அருகில் உள்ள அத்தகைய மருத்துவமனைக்கே கொண்டு போவார்கள். அந்த 48 மணி நேரத்துக்குள் வீட்டிலிருந்து யாராவது ரேஷன் கார்டையும் காப்பீட்டு அட்டையையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், மூன்றாம் நாளிலிருந்து அந்தக் காப்பீட்டில் தொடரலாம்.